பிரைட்டனில் எழுந்த வேலி

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டன் நகரம் உல்லாசப் பயணிகளுக்குப் பழக்கமான அளவுக்கு அரசியல்வாதிகளுக்கும் பழக்கமானது. கோடை முடிந்து பயணிகள் வீடு திரும்பிய பின்னர் காலியாகிவிடும் ஹோட்டல் அறைகளை நிரப்புவதற்கு அரசியல் கட்சிகளைவிடச் சிறந்த விருந்தாளிகள் கிடைக்கமாட்டார்கள் என்பதைப் பிரித்தானியாவின் கடற்கரை நகரங்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுகொண்டன. பிளக்பூல், போர்ன்மவுத், ஸ்காபரோ, பிரைட்டன் என்று செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முற்பகுதியிலும் ஒவ்வொரு கட்சியும் ஏதாவதொரு கடற்கரைக்குப் போகும். நான்கைந்து நாட்கள் பகலில் பேசுவார்கள், வாக்களிப்பார்கள். இரவில் ஹோட்டல் மதுக்கூடங்களில் ஒருவரையொருவர் கவிழ்ப்பதற்குத் திட்டம் தீட்டுவார்கள். இதுதான் கட்சி மகாநாடு.

அந்தக் கால மகாநாடுகளின் பழைய ஒளிப்படங்களையும் செய்திப் படங்களையும் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அங்கே இல்லாத பொருட்கள்தான். வேலி இல்லை. கழுத்தில் தொங்கும் அட்டை இல்லை. பிரதம மந்திரி கடற்கரை நடைபாதையில் நடந்து போகிறார். அவருக்குப் பக்கத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு ஓர் உள்ளூர்க் கிழவர் நடந்து போகிறார். தொகுதிக் கிளையொன்றின் பிரதிநிதியாக வந்திருக்கும் சாதாரண உறுப்பினர் அமைச்சரை ஹோட்டல் வாசலில் மறித்துத் தனது மனக்குறையைச் சொல்லலாம். அமைச்சர் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால், மறிப்பதற்கு இடம் இருந்தது.

அதற்காக, அந்தக் காலம் சகிப்புத்தன்மையின் பொற்காலம் என்று எழுதுவதற்கு நான் தயாரில்லை. 1966 ஒக்டோபர் 2ஆம் திகதி, தொழிற்கட்சி மகாநாட்டை முன்னிட்டு பிரைட்டனில் உள்ள டோர்செட் கார்டன்ஸ் மெதடிஸ்த தேவாலயத்தில் வழிபாடொன்று நடைபெற்றது. பிரதமர் ஹரல்ட் வில்சன் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியை வாசிப்பதற்கு எழுந்தபோது, வியட்நாம் போரில் அமெரிக்காவுக்கு அவரது அரசாங்கம் வழங்கிவந்த ஆதரவைக் கண்டித்துச் சிலர் குரல் எழுப்பினர். அவர்களில் ஒருவரான நிக்கலஸ் வோல்டர் என்ற எழுத்தாளருக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுதான் சுவாரஸ்யமானது. தேவாலயத்துக்குள் தகாத முறையில் நடந்துகொள்வோரைத் தண்டிப்பதற்காக 1860ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தைத் தேடி எடுத்துத் தூசு தட்டினார்கள். (அந்தச் சட்டம் அதற்குப் பிறகும் சாகவில்லை. 1998ஆம் ஆண்டு கன்ரபெரி தேவாலயத்தில் பேராயரின் ஈஸ்டர் பிரசங்கத்தை இடைமறித்த பீட்டர் டட்சல் அதே சட்டத்தின் கீழ்தான் குற்றவாளியாகக் காணப்பட்டார். நீதிவான் விதித்த அபராதம் 18 பவுண் 60 பென்ஸ். நீதிவானுக்கும் நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.)

தலைவரின் பேச்சுக்குக் குறுக்கே எழும் குரலை அடக்குவதற்கு வேறு எதற்காகவோ செய்யப்பட்ட சட்டமொன்றைக் கையில் எடுக்கும் பழக்கம் குண்டுகளுக்கு முந்தியது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். குண்டு பின்னர்தான் வந்தது.

1984 செப்டெம்பர் நடுப்பகுதியில் ரோய் வோல்ஷ் என்ற பெயரில் ஒருவர் பிரைட்டன் கடற்கரையில் உள்ள கிராண்ட் ஹோட்டலில் 629ஆம் இலக்க அறையை எடுத்து மூன்று இரவுகள் தங்கிச் சென்றார். ஐரிஷ் குடியரசு இராணுவத்தைச் சேர்ந்த பட்றிக் மகீ என்பதே அவரது உண்மையான பெயர். குளியல் தொட்டியை மூடியிருந்த பலகைக்குப் பின்னால் குண்டொன்றை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். வீடியோ ஒளிப்பதிவுக் கருவியொன்றின் நேரக்கணிப்புப் பகுதியைக் கொண்டு, மூன்று வாரங்களுக்கும் மேலான கால இடைவெளியில் வெடிக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது.

ஒக்டோபர் 12ஆம் திகதி அதிகாலை 2 மணி 54 நிமிடத்துக்கு அது வெடித்தது. கன்சர்வேட்டிவ் கட்சி மகாநாட்டின் கடைசி நாள் அது. பிரதமர் மார்கரட் தட்சர் உறங்கவில்லை. மறுநாள் உரையை முடித்துவிட்டு, தனிச் செயலாளர் நீட்டிய கோப்பொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரது அறைத்தொகுதியின் குளியலறை சேதமடைந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஹோட்டலின் பாரிய புகைபோக்கி சரிந்து மாடி மாடியாக உடைத்துக்கொண்டு கீழே இறங்கியதில் ஐந்து பேர் மாண்டனர். 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அமைச்சரவையை அழிப்பதற்கு வைக்கப்பட்ட அந்தக் குண்டுக்குப் பலியானவர்களில் அமைச்சர் எவரும் இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் சேர் அன்தனி பெரி, கட்சியின் பிராந்தியத் தலைவர் ஒருவர், ஆளும் கட்சிக் கொறடாவின் மனைவி, வேறு இரு கட்சிப் பிரமுகர்களின் மனைவியர் ஆகியோரே அந்த ஐவர். அமைச்சர் நோர்மன் டெபிட்டை இடிபாடுகளுக்குள் இருந்து தீயணைப்புப் படையினர் வெளியே எடுத்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அவருடைய மனைவி மார்கரட் டெபிட் அதன் பின்னர் எழுந்து நடக்கவேயில்லை.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவன். பி.பி.சி. தமிழோசையில் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் மறுநாள் சந்தியில் நின்று பேசியது நினைவிருக்கிறது. பெரும்பாலானோரை ஆச்சரியப்படுத்தியது குண்டு அல்ல. அன்று காலை 9.30 மணிக்குக் குறித்த நேரத்தில் தட்சர் மகாநாட்டை ஆரம்பித்து வைத்ததுதான். இரவு உடையுடன் தெருவுக்கு ஓடிவந்தவர்கள் உடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வரவேண்டும் என்பதற்காக மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடையை வழமையான நேரத்துக்கு முன்னரே திறக்க வைத்தார்கள். தட்சரின் அரசியலை அடியோடு வெறுப்பவர்கள்கூட அந்தக் காலைப் பொழுதை மறுக்கமாட்டார்கள். (ஆறு மாதங்கள் கழித்து, 1985 ஏப்ரலில், அதே தட்சர் விக்டோரியா அணையைத் திறந்துவைப்பதற்கு இலங்கைக்கு வந்தார்.) அன்று வெளியிட்ட அறிக்கையில் ஐரிஷ் குடியரசு இராணுவம், தங்களுக்கு ஒரேயொரு தடவை அதிர்ஷ்டம் கிட்டினால் போதும், உங்களுக்கோ எப்போதும் அதிர்ஷ்டம் இருக்க வேண்டும் என்ற கருத்துப்பட எச்சரித்தது. அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த நாற்பது வருடங்களின் பாதுகாப்பு வரவு செலவுத் திட்டத்தை எழுதியது என்று சொன்னால் அது மிகையல்ல.

அதற்குப் பிறகு எந்தக் கட்சி மகாநாடும் பழையபடி நடக்கவில்லை. மண்டபமும் அதை ஒட்டிய பிரதான ஹோட்டலும் ஒரு தீவாக மாற்றப்பட்டன. மோப்ப நாய்களைக் கொண்டு அறை அறையாகச் சோதனை; சாக்கடை மூடிகளுக்கு முத்திரை; கூரைகளில் துப்பாக்கிதாரிகள்; கடற்கரை நகரமென்றால் கடலில் ரோந்துப் படகு; வாசலில் விமான நிலையத்தில் இருப்பதைப் போன்ற ஊடுகதிர் இயந்திரம். வெளியே உயரமான இரும்பு வேலி, அதற்கு வெளியே கொங்கிறீட் கட்டைகள். 1989இல் டவுனிங் வீதியின் வாசலுக்கும் இரும்புக் கதவு போட்டார்கள். அதற்கு முன்னர் பிரதமரின் வீட்டுவாசல் வரை பொதுமக்கள் நடந்து போகக்கூடியதாக இருந்தது என்பதை இன்றைய தலைமுறை நம்பாது. கட்சிகள் கடற்கரைகளை விட்டு மெல்ல மெல்ல மான்செஸ்டர், பேர்மிங்ஹாம், லிவர்பூல் போன்ற பெருநகரங்களின் மகாநாட்டு மண்டபங்களுக்கு இடம்பெயர்ந்தன. நல்ல ஹோட்டல்கள், ரயில் வசதி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால், வேலி போடுவதற்கு வசதியான இடமா என்ற கேள்வியும் அந்தக் கணக்கில் இருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி கடைசியாக பிளக்பூலுக்குப் போனது 2007ஆம் ஆண்டு.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பது? மண்டபத்துக்கு உள்ளே நிற்கும் தனியார் காவலர்களுக்குக் கட்சி பணம் கொடுக்கிறது. வெளியே நிற்கும் பொலிஸாருக்கும் வேலிக்கும் ஆகும் பல மில்லியன் பவுண் செலவு பொதுப் பணத்திலிருந்து வருகிறது. உள்துறை அமைச்சு அந்தந்தப் பிராந்தியப் பொலிஸ் படைக்கு விசேட மானியமாக வழங்குகிறது. கால்பந்தாட்டக் கழகமொன்று தனது மைதானத்துக்குள் பொலிஸாரை நிறுத்துவதற்குக் கழகமே பணம் கட்ட வேண்டும். கட்சி மகாநாடு ஜனநாயகத்தின் ஓர் அங்கம், அதைக் கால்பந்தாட்டத்துடன் ஒப்பிடக்கூடாது என்பது கட்சிகளின் பதில். அதில் நியாயம் இருக்கிறது. சிறிய கட்சியொன்றின் தலையில் இந்தச் செலவைக் கட்டினால் அந்தக் கட்சி மகாநாடே நடத்தமாட்டாது. குண்டு வைப்பவன் விரும்பியதும் அதுதான்.

ஆனால், இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பொதுப் பணத்தில் எழுப்பப்பட்ட அந்த வேலிக்குள் கட்சிகள் காட்சிக்கூடங்களைக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. காரியம் சாதிக்க வருபவர்களுக்கு, கட்சியின் சாதாரண உறுப்பினர் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் நுழைவு அட்டைகளை விற்கின்றன. ஒரு காலத்தில் அமைச்சரை ஹோட்டல் வாசலில் இலவசமாக மறிக்கலாம். வேலி வந்த பின்னர் அமைச்சருக்கு அருகில் நிற்பது விலைக்குரிய சரக்காகிவிட்டது. பாதுகாப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், கதவு ஒன்று இருந்தால்தான் நுழைவுக் கட்டணம் அறவிட முடியும்.

வேலி எந்த அளவுக்கு எஜமானாகிவிட்டது என்பதற்கு 2016ஆம் ஆண்டு லிவர்பூல் மகாநாடு நல்ல உதாரணம். இஸ்ரேலியச் சிறைச்சாலைகளுடன் தொடர்பு வைத்திருந்த காரணத்துக்காக ஜி4எஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தைப் பகிஷ்கரிப்பதென்று தொழிற்கட்சியின் தேசிய நிறைவேற்றுக் குழு முந்திய வருடம் தீர்மானித்திருந்தது. அதற்குப் பதிலாக வேறு காவல் நிறுவனமொன்றைத் தேடியபோது தொழிற்சங்கத் தகராறு குறுக்கிட்டது. மகாநாட்டுக்கு ஒரு மாதமே இருந்த நிலையில், காவலர்கள் கிடைக்காவிட்டால் மகாநாடே நடக்காது என்ற நிலைமை தோன்றி, கடைசி நேரத்தில்தான் தீர்ந்தது. இலட்சக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட கட்சி கூடுவதற்கு ஒரு காவல் கம்பனியின் கையொப்பம் தேவைப்பட்டது.

அமெரிக்கர்களின் வேலிக்கு வேறொரு பூர்வீகம் உண்டு. 1968 ஆகஸ்டில் சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மகாநாடு நடந்தபோது மண்டபத்தைச் சுற்றி முட்கம்பி வேலி போட்டது குண்டுக்குப் பயந்து அல்ல. வியட்நாம் போரை எதிர்த்து வந்த இளைஞர்களுக்குப் பயந்து. தெருக்களில் நடந்ததை விசாரித்த அறிக்கை, கலகம் செய்தவர்கள் பொலிஸாரே என்று எழுதியது. 1998இல் கிளின்டன் காலத்து உத்தரவொன்றின் மூலம் இத்தகைய பெரு நிகழ்ச்சிகளின் பாதுகாப்பு இரகசிய சேவையின் தலைமையில் வந்தது. 2004ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கட்சி மகாநாட்டுக்கும் சமஷ்டி அரசாங்கம் 5 கோடி டொலர் பாதுகாப்பு மானியமாகக் கொடுத்தது. 2024இல் அது தலா 7.5 கோடி டொலராக உயர்ந்தது.

அந்த முதல் 5 கோடி டொலரில் பொஸ்டன் நகரத்துக்கு என்ன கிடைத்தது? பாவனையில் இல்லாத ரயில் பாலமொன்றின் கீழே, கம்பி வேலியும் வலையும் முட்கம்பியும் சூழ, எதிர்ப்பாளர்களுக்கென்று ஓர் அடைப்பு. அதற்கு வைக்கப்பட்ட பெயர் சுதந்திரப் பேச்சு வலயம்! வழக்கை விசாரித்த நீதிபதி டக்ளஸ் வூட்லொக் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, கருத்துச் சுதந்திரத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பைக் கற்பனை செய்வது கடினம் என்ற பொருள்படச் சொன்னார். சொல்லிவிட்டு, பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அதை அனுமதித்தார். ஒரு மாதம் கழித்து நியூயோர்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மகாநாட்டின்போது 1,800க்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டார்கள். பலரைப் பழைய பஸ் தரிப்பிடமாக இருந்த துறைமுக மேடையொன்றில் அடைத்து வைத்தார்கள். பெரும்பாலான குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. 2014இல் நியூயோர்க் நகரம் ஏறக்குறைய 1.8 கோடி டொலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. பாதுகாப்பின் செலவைக் கணக்கிடுபவர்கள் இந்தத் தொகையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்களோ தெரியாது.

2016இல் கிளீவ்லண்டில் இன்னுமொரு வேடிக்கை. மகாநாட்டு வலயத்துக்குள் ரென்னிஸ் பந்தும் தண்ணீர்த் துப்பாக்கியும் கொண்டுவரக்கூடாது என்று தடைப்பட்டியல் சொன்னது. உண்மையான துப்பாக்கியைக் கொண்டுவரலாம். மாநிலச் சட்டம் அதை அனுமதித்தது.

பிரைட்டனுக்கே திரும்புவோம். 2005 செப்டெம்பர் 28ஆம் திகதி, தொழிற்கட்சி மகாநாட்டில் வெளிவிவகார அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ ஈராக் போரை நியாயப்படுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது சபையிலிருந்து ஒரு முதியவர் "அபத்தம்" என்று குரல் கொடுத்தார். அவருக்கு 82 வயது. வோல்டர் வொல்ஃப்காங் என்பது பெயர். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து 1937இல் தப்பி வந்த யூதர். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தின் ஆரம்பகால ஊழியர். பல தசாப்த காலக் கட்சி உறுப்பினர். மண்டபக் காவலர்கள் இருவர் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேற்றினார்கள். அவர் திரும்பவும் உள்ளே வர முயன்றபோது பொலிஸார் தடுத்து விசாரித்தார்கள். பயன்படுத்தப்பட்ட அதிகாரம் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவு.

அதே மகாநாட்டின் போது நகரத்தில் ஜோன் கட் என்ற இன்னொரு முதியவர். அவரும் எண்பது வயதைத் தாண்டியவர். டோனி பிளேயரைக் கண்டிக்கும் வாசகம் எழுதிய மேற்சட்டை அணிந்திருந்தார் என்பதற்காக அவரையும் அதே பிரிவின் கீழ் மறித்தார்கள். அந்தச் சில நாட்களில் பிரைட்டனில் அவ்வாறு மறிக்கப்பட்டோரின் தொகை 600க்கு மேல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

வொல்ஃப்காங்கின் கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லலாம். தொலைக்காட்சிக் கமராக்கள் எல்லாவற்றையும் பிடித்துவிட்டன. பிளேயர் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் முதியவர் கரவொலியுடன் மண்டபத்துக்குள் வரவேற்கப்பட்டார். அடுத்த வருடம் கட்சி உறுப்பினர்கள் அவரைத் தேசிய நிறைவேற்றுக் குழுவுக்கே தெரிவுசெய்தார்கள். 2019இல் காலமாகும் வரை அவர் தனது கருத்தை மாற்றவில்லை. கட்டின் கதைதான் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகிறது. அவரைச் சுற்றி எந்தக் கமராவும் இருக்கவில்லை. வேறு எதிர்ப்பு ஊர்வலங்களில் அவர் கலந்துகொண்ட விபரங்களையும் பொலிஸார் உள்நாட்டுத் தீவிரவாதிகள் பற்றிய தகவல் தளத்தில் பதிந்து வைத்திருந்தமை பின்னர் தெரியவந்தது. ஊர்வலங்களில் அவர் செய்த காரியம், ஓரமாக அமர்ந்து படம் வரைவது. அதை அழிக்கும்படி கேட்டு வழக்குத் தொடர்ந்தார். பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015இல் பொலிஸாரின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவரது அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

44ஆம் பிரிவின் விசேஷம் என்னவென்றால், மறிப்பதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை என்பதுதான். பொலிஸ் உயரதிகாரி ஒரு பிரதேசத்தைக் குறிப்பிட்டு உத்தரவிட்டால், அங்கே நடமாடும் எவரையும் மறித்துச் சோதிக்கலாம். உத்தரவின் ஆயுள் 28 நாட்கள். ஆனால், லண்டன் மாநகரம் முழுவதும் 2001 முதல் வருடக்கணக்கில் அந்த உத்தரவு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டே வந்தது. லண்டனில் வாழ்ந்த எமது இளைஞர்கள் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தோலின் நிறம் சந்தேகத்துக்குப் பதிலாக நின்றது. 2009-10 வருடத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் இப்பிரிவின் கீழ் மறித்துச் சோதித்தார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஆயுதக் கண்காட்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தைப் படம்பிடிக்கச் சென்ற பென்னி குவின்டன் என்ற ஊடகவியலாளரும் மாணவர் ஒருவரும் தொடுத்த வழக்கில் 2010 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் இந்த அதிகாரம் மனித உரிமை மீறல் என்று கூறியது. 2012இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டு, கட்டுப்பாடுகள் கூடிய வேறொரு பிரிவு வந்தது.

மறிப்பதைவிட அமைதியாக வேலை செய்யும் வேறொரு முறை உண்டு. மகாநாட்டுக்கு வர விரும்புபவர் வாரக்கணக்கில் முன்னரே தனது படத்தையும் அடையாள விபரங்களையும் சமர்ப்பிக்க வேண்டும். பொலிஸார் சரிபார்த்த பின்னரே நுழைவு அட்டை. 2010இல் கூட்டரசாங்கத்தில் சேர்ந்த லிபரல் ஜனநாயகக் கட்சியினருக்கு 2011 பேர்மிங்ஹாம் மகாநாட்டில் இது வந்து சேர்ந்தபோது அவர்கள் கொதித்தெழுந்தார்கள். எமது கட்சியின் கொள்கையைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு எமது கிளை தெரிவுசெய்த பிரதிநிதி வரலாமா என்பதைச் சொல்வதற்குப் பொலிஸார் யார் என்று கேட்டார்கள். பால் மாற்றம் செய்துகொண்ட உறுப்பினர்கள், தாம் கைவிட்ட பழைய பெயர்களைப் பொலிஸாருக்குச் சொல்ல நேர்வதை ஆட்சேபித்தார்கள். மகாநாடு அந்த நடைமுறைக்கு எதிராகத் தீர்மானமும் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்கள் அனைவரும் பொலிஸ் சரிபார்ப்பில் தேறியவர்கள் என்பது அதிலுள்ள முரண்.

இதை எழுதும்போது, கொழும்பில் நான் செய்தியாளனாக அலைந்த வருடங்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தங்குமிடத்தில் பொலிஸ் பதிவு, வீதிச் சோதனைச் சாவடி, அரசியல் கூட்டமொன்றின் வாசலில் அடையாள அட்டையிலுள்ள தமிழ்ப் பெயரின் மீது சற்று அதிகநேரம் தங்கும் பார்வை. பேனாவைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஒலிப்பதிவுக் கருவியின் பற்றரியை வெளியே எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜனாதிபதி பிரேமதாச 1993 மே தினத்தன்று தனது கட்சி ஊர்வலத்தின் நடுவிலும், காமினி திசாநாயக்க 1994 ஒக்டோபரில் தேர்தல் கூட்ட மேடையிலும் தற்கொலைக் குண்டுதாரிகளால் கொல்லப்பட்டார்கள். 1999 டிசெம்பரில் கொழும்பு நகரமண்டப முன்றலில் நடந்த கூட்டத்தின் முடிவில் சந்திரிகா குமாரதுங்க ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஆனால், பிரேமதாசவைக் கொன்றவர் வேலியைத் தாண்டி வந்தவர் அல்ல. ஜனாதிபதியின் வீட்டுப் பணியாளர்களுடன் நீண்டகாலம் பழகி, முகம் தெரிந்தவராக அருகில் வந்தவர். பட்றிக் மகீயும் அவ்வாறே. அவர் வேலி போடுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே வாடகை கொடுத்து உள்ளே வந்து போய்விட்டார்.

வேலிக்குள் வந்துவிடுபவர்கள் இன்றும் வரத்தான் செய்கிறார்கள். 2017 ஒக்டோபரில் மான்செஸ்டரில் தெரேசா மே உரையாற்றிக்கொண்டிருந்தபோது நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் மேடையருகே வந்து, வேலையிலிருந்து நீக்கப்படுபவருக்குக் கொடுக்கும் படிவத்தை அவரது கையில் கொடுத்தார். 2023 ஒக்டோபரில் லிவர்பூலில் கெயர் ஸ்டாமரின் உரை தொடங்கும் வேளையில் ஒருவர் மேடையேறி அவர் மீது மினுமினுப்புத் தூளைக் கொட்டினார். படிவத்துக்கும் தூளுக்கும் பதிலாகக் கத்தியாக இருந்திருந்தால் என்று பாதுகாப்பு அதிகாரிகள் கேட்டதில் தவறில்லை.

கத்தி வேறு இடத்துக்குப் போனது. தொழிற்கட்சி உறுப்பினர் ஜோ கொக்ஸ் 2016 ஜூன் 16ஆம் திகதி தனது தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற வேளையில் நூலகமொன்றின் அருகே சுடப்பட்டும் குத்தப்பட்டும் இறந்தார். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் சேர் டேவிட் அமெஸ் 2021 ஒக்டோபர் 15ஆம் திகதி தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த தேவாலய மண்டபத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். அவரது கட்சி மகாநாடு மான்செஸ்டரில் இரும்பு வேலிக்குள் நிறைவுபெற்று ஒன்பது நாட்கள்தான் ஆகியிருந்தன. வருடத்தில் நான்கு நாட்கள் தலைவர்களைச் சுற்றி நிற்கும் வேலிக்குக் கிடைக்கும் பணத்துடன், வருடம் முழுவதும் கதவைத் திறந்து வைத்திருக்கும் சாதாரண உறுப்பினரின் பாதுகாப்புக்குக் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு எந்தக் கட்சிக்கும் இருக்கவில்லை.

அமெரிக்காவிலும் அதே கதைதான். 2024 ஜூலை 13ஆம் திகதி பட்லர் என்ற ஊரில் டொனால்ட் ட்ரம்ப் சுடப்பட்டது, பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே இருந்த கட்டடத்தின் கூரையிலிருந்து. இரண்டு நாட்களில் மில்வோக்கியில் அவரது கட்சி மகாநாடு தொடங்கியது; வெளிமாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பொலிஸார் தருவிக்கப்பட்டார்கள். மகாநாட்டின் இரண்டாம் நாள், வலயத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில், ஒஹையோவிலிருந்து வந்திருந்த பொலிஸார் ஐவர், இரு கைகளிலும் கத்தி வைத்துக்கொண்டு இன்னொருவருடன் சண்டையிட்ட வீடற்ற மனிதர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பகுதி மக்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி: எங்கள் தெருவில் வேறு மாநிலத்துப் பொலிஸாருக்கு என்ன வேலை?

பிரித்தானியாவில் 44ஆம் பிரிவு போய்விட்டது. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் போகவில்லை. 2025 ஜூலையில் பாலஸ்தீன ஆதரவு நேரடி நடவடிக்கைக் குழுவொன்றை அந்தச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தடைசெய்தது. செப்டெம்பர் 28ஆம் திகதி, வோல்டர் வொல்ஃப்காங் தூக்கி வெளியேற்றப்பட்டு நாளுக்கு நாள் சரியாக இருபது வருடங்கள் கழித்து, லிவர்பூலில் தொழிற்கட்சி மகாநாடு ஆரம்பமானது. மண்டபத்துக்கு வெளியே, தடைசெய்யப்பட்ட குழுவுக்கு ஆதரவு தெரிவிக்கும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தவர்களில் 60க்கும் மேற்பட்டோரை பொலிஸார் ஒருவர் பின் ஒருவராகக் கைதுசெய்து கொண்டு போனார்கள். அவர்களில் முதியவர்களும் இருந்தார்கள். வேலிக்கு உள்ளே மகாநாடு நிகழ்ச்சி நிரலின்படி நடந்துகொண்டிருந்தது.